பிஸ்கட்டுக்கு இருக்கிற நியாயம்

ஆறு டப்பா. ஆறிலும் ஒரே படம், ஒரே பெயர், ஒரே மாடல் நம்பர். ரிச்சி தெருவில் ஒரே கடையில், ஒரே பில்லில் வாங்கியது. கம்ப்யூட்டரின் யூ.எஸ்.பி. துளையில் செருகினால் வைஃபை கிடைக்கும் என்கிற, கட்டைவிரல் சைஸ் சமாசாரம். ஒன்று 600 ரூபாய். ஆறுக்கு 3,600.

நான்கு வேலை செய்தன. இரண்டு செய்யவில்லை.

இதற்குப் போய் ஒரு கட்டுரையா, டிஃபெக்ட் பீஸ் என்றால் மாற்றிக்கொள்ள வேண்டியதுதானே என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த இரண்டும் பழுதான சரக்கு இல்லை. விண்டோஸ் கம்ப்யூட்டரில் செருகினால் ஜம்மென்று வேலை செய்கின்றன. லினக்ஸில் மட்டும் செத்த பாம்பு. அதே லினக்ஸில், அதே டப்பாவிலிருந்து வந்த மற்ற நான்கும் செருகின மாத்திரத்தில் உயிர் பெற்றுவிட்டன.

எதற்கு ஆறு வாங்கினோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

வடசென்னையில் ஒரு மாலைநேர டியூஷன் சென்டர். பிள்ளைகளிடம் காசு வாங்காத சென்டர். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் நடத்துகிறார். என் அக்கா பையனும் அவனுடைய சிநேகிதர்கள் இரண்டு மூன்று பேரும் சனி, ஞாயிறுகளில் அங்கே போய்ப் பாடம் சொல்லித் தருகிறார்கள். கம்ப்யூட்டரும் சொல்லிக் கொடுத்தால் என்ன என்று அவர்களுக்கு ஒரு ஆசை. கம்ப்யூட்டருக்கு எங்கே போவது?

அது தானாக வந்தது. 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு மாறலாமே என்றால், அதற்கு டி.பி.எம். 2.0 என்கிற பாதுகாப்பு வசதியும் ஓரளவுக்குப் புதிய பிராசஸரும் வேண்டும். அது இல்லாத பெட்டிகளை, அவை நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும், அலுவலகங்கள் ஓரங்கட்ட ஆரம்பித்தன. அப்படி ஒரு அலுவலகம் கழித்துக் கட்டிய ஆறு டெஸ்க்டாப்கள் டியூஷன் சென்டருக்கு வந்து சேர்ந்தன. பையன்கள் உட்கார்ந்து ஆறிலும் லினக்ஸ் போட்டார்கள். லைசென்ஸ் செலவு பைசா கிடையாது. தமிழிலேயே மெனு வருகிறது. வேகமும் குறைவில்லை. ஒரே குறை, இந்தப் பெட்டிகளில் வைஃபை கிடையாது. அதற்குத்தான் ஆறு டப்பா. நான்கைந்து பேர் காசு போட்டோம். பி.காம். படித்தவன் என்பதால் கணக்கு என் தலையில்.

இரண்டு மட்டும் வேலை செய்யவில்லை என்றதும் ஹெச்.எம். சார் என்னிடம் வருத்தமாகச் சொன்னது இது: "ஓசியில கிடைக்கிறது ஓசி மாதிரிதான் சார் இருக்கும். காசு கொடுத்து விண்டோஸே போட்டிருக்கலாம்."

எனக்குச் சுருக்கென்றது. அவர் மேல் தப்பில்லை. லினக்ஸைப் பற்றி ஊரில் பேசுகிற நூறு பேரில் தொண்ணூறு பேர் இதைத்தான் சொல்வார்கள். "நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா வைஃபை வரலை." "பிரிண்டர் எடுக்கலை." "சவுண்டு கேட்கலை." குற்றவாளிக் கூண்டில் எப்போதும் லினக்ஸ். விற்றவனை யாரும் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்பதில்லை. இந்த வாரம் நான் கேட்கப் போகிறேன்.

முதலில் நடந்தது என்ன என்று பார்த்துவிடலாம். டெக்னிகல் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். எனக்கே புரிந்தது என்றால் உங்களுக்குப் புரியாதா?

அக்கா பையன் கறுப்பு ஜன்னலைத் திறந்து 'எல்.எஸ்.யூ.எஸ்.பி.' என்று அடித்தான். கம்ப்யூட்டரில் எந்தெந்த யூ.எஸ்.பி. சாதனங்கள் செருகியிருக்கின்றன என்று பட்டியல் வந்தது. ஒவ்வொன்றுக்கும் எட்டு எழுத்தில் ஒரு அடையாள எண். முதல் நான்கு எழுத்து, தயாரித்த கம்பெனி. அடுத்த நான்கு, அந்தக் கம்பெனியின் எந்தச் சரக்கு என்பது. வேலை செய்கிற நான்கிலும் ஒரே எண். வேலை செய்யாத இரண்டில் வேறு எண்.

"மாமா, இது ரெண்டும் வேற சிப்பு" என்றான்.

"டேய், டப்பா ஒண்ணுதானேடா?"

"டப்பா ஒண்ணுதான். உள்ள இருக்கறது வேற."

லென்ஸ் இல்லாத குறையாக டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். பார்கோடு ஒட்டியிருந்த ஸ்டிக்கரின் மூலையில், எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு எழுத்து. நான்கில் 'வி2'. இரண்டில் 'வி3'. அவ்வளவுதான். உள்ளே இருக்கிற மூளையையே மாற்றிவிட்டு, வெளியே மாடல் நம்பரைத் தொடாமல் விட்டுவிட்டார்கள். வீட்டு இணையச் சாமான்களில் இது சர்வசாதாரணமாம். எந்த மாதம் எந்த சிப் மலிவாகக் கிடைக்கிறதோ அதைப் போட்டு அதே பெயரில் விற்பது. நேற்று ஒருவர் வாங்கி நன்றாக இருக்கிறது என்று சொன்னதை நம்பி இன்று நீங்கள் வாங்கினால், உங்களுக்கு வருவது வேறு சரக்கு.

அடுத்து 'டி.மெசேஜ்' என்று ஒரு கட்டளை. லினக்ஸின் கெர்னல், அதாவது கம்ப்யூட்டரின் இரும்புச் சாமான்களோடு நேரடியாகப் பேசுகிற மையப் பகுதி, தனக்கு நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதி வைக்கிற டைரி அது. நல்ல நான்கைச் செருகினால் டைரியில் இப்படி எழுதுகிறது: புதிய சாதனம் வந்தது, இன்ன எண், இன்ன டிரைவரைக் கொடுத்தேன், நெட்வொர்க் தயார். மற்ற இரண்டைச் செருகினால்: புதிய சாதனம் வந்தது, இன்ன எண். அப்புறம் மௌனம். வந்தவர் பேசுகிற பாஷை தெரியவில்லை, துபாஷியும் கூட வரவில்லை.

டிரைவர் என்றால் துபாஷிதான். டூப்ளேவுக்கு ஆனந்தரங்கப் பிள்ளை மாதிரி. ஒவ்வொரு சிப்பும் தனக்கென்று ஒரு பாஷை பேசும். இந்த எண்ணை இந்த இடத்தில் எழுதினால் ரேடியோ ஆன் ஆகும், அந்த எண்ணை எழுதினால் சேனல் மாறும் என்பது போன்ற நூற்றுக்கணக்கான விதிகள். அந்த விதிகள் சிப் செய்தவனுக்கு மட்டும் தெரியும். அவன் விண்டோஸுக்கு ஒரு துபாஷியை அனுப்பிவைக்கிறான். லினக்ஸுக்கு அனுப்பமாட்டான். சரி, அகராதியையாவது கொடு, நாங்களே கற்றுக்கொள்கிறோம் என்று கேட்டால் அதையும் கொடுக்கமாட்டான். இதுதான் அந்த நீல நிற விளக்கு எரியாததற்குக் காரணம். லினக்ஸின் தப்பு இதில் எங்கே இருக்கிறது?

வேடிக்கை என்னவென்றால், டப்பாவின் பின்பக்கம் 'விண்டோஸ், மேக், லினக்ஸ்' என்று மூன்றும் அச்சடித்திருக்கிறது. உள்ளே ஒரு குட்டி சிடி. அதில் லினக்ஸ் என்று ஒரு ஃபோல்டர். அடடே என்று திறந்தால், கெர்னல் 2.6-லிருந்து 3-ம் வரிசை வரைக்கும் பொருந்தும் என்று ஒரு குறிப்பு. 3-ம் வரிசை 2015-லேயே முடிந்துபோனது. இன்றைய கெர்னலில் அதைத் தொகுக்கப் பார்த்தால் திரை நிறைய சிவப்புத் திட்டு. எக்ஸ்பைரி தேதி தாண்டிய மருந்தை டப்பாவில் வைத்துவிட்டு, மருந்து கொடுத்துவிட்டேன் என்று எழுதிக்கொள்வது மாதிரி.

கடைசியில் பையன்கள் ஜெயித்தார்கள். ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் இணைத்து, டெதரிங் போட்டு, அதன் வழியாக இணையம் எடுத்து (லினக்ஸில் மாட்டிக்கொண்டால் முதலில் இதைச் செய்யுங்கள், பாதி தலைவலி போய்விடும்), அந்தச் சிப்புக்காக யாரோ ஒரு புண்ணியவான் சம்பளமில்லாமல் எழுதி வைத்திருந்த டிரைவரை இறக்கி, தொகுத்து, ஏற்றினார்கள். விளக்கு எரிந்தது. நான் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து வழக்கமான அப்டேட் வந்தது. கெர்னல் மாறியது. இரண்டு பெட்டியிலும் வைஃபை மறுபடி அவுட்.

இது ஏன் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். கெர்னலோடு சேர்ந்தே இருக்கிற டிரைவர் என்றால், கெர்னலை மாற்றுகிறவர்களே அதையும் கூடவே திருத்திவிடுவார்கள். வீட்டுப் பிள்ளை மாதிரி. வெளியிலிருந்து ஒட்டவைத்த டிரைவரை யாரும் கவனிக்கமாட்டார்கள். எழுதிய புண்ணியவானுக்கு அந்த மாதம் வேறு வேலை இருந்தால் உங்களுக்கு இணையம் கிடையாது. ஆகவே, "ஏதோ ஒரு டிரைவர் கொடுத்திருக்கிறோமே" என்று கம்பெனி சொல்வது போதாது. கெர்னலுக்குள் சேர்கிற மாதிரி, திறந்த மூல நிரலாகக் கொடுக்க வேண்டும்.

கம்பெனிகளின் தரப்பிலிருந்து வழக்கமாக வருகிற முதல் பதில்: "லினக்ஸை எத்தனை பேர் சார் வீட்டில் உபயோகிக்கிறார்கள்? அதற்குப் போய் ஆள் வைத்து எழுத முடியுமா?"

கேட்க நியாயமாகத்தான் இருக்கும். இரண்டு நிமிடம் யோசித்தால் பொய் என்று தெரியும். உங்கள் கையில் இருக்கிற ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடுவது லினக்ஸ் கெர்னல். வீட்டு மூலையில் பச்சை விளக்கு மினுக்குகிற ரவுட்டர்களில் பெரும்பாலானவற்றுக்குள் லினக்ஸ். உலகின் அதிவேகமான 500 சூப்பர் கம்ப்யூட்டர்களின் பட்டியலில் 2017 நவம்பரிலிருந்து ஒன்றுவிடாமல் எல்லாமே லினக்ஸ். வைஃபை சிப் செய்கிறவனுக்கு லினக்ஸ் தெரியாது என்பது, இட்லிக்கடைக்காரர் எனக்கு உளுந்து தெரியாது என்று சொல்வது போல.

ஒரு பழைய கதை சொல்கிறேன். 2002 கடைசியில் லிங்க்ஸிஸ் கம்பெனி டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்று ஒரு வைஃபை ரவுட்டரை விட்டது. நீலமும் கறுப்புமாக இரண்டு கொம்போடு இருக்குமே, அதேதான். உலகம் முழுக்கச் சக்கைப்போடு போட்டது. அதற்குள் ஓடியது லினக்ஸ் என்பதைச் சிலர் கண்டுபிடித்தார்கள். லினக்ஸ் இலவசம், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அதை வைத்து ஒரு பொருளைச் செய்து விற்றால், அந்த லினக்ஸின் நிரலை வாங்கியவருக்குத் தர வேண்டும். தரவில்லையே என்று கேள்வி கிளம்பி, 2003-ல் நிரலை வெளியிட்டார்கள். அதை அடித்தளமாக வைத்து 2004-ல் பிறந்ததுதான் ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. என்கிற, இன்றைக்கும் ரவுட்டர்களில் ஓடிக்கொண்டிருக்கிற திறந்த மென்பொருள்.

அந்த ரவுட்டருக்குள் இருந்த வைஃபை சிப் யாருடையது? பிராட்காம். லினக்ஸோடு அழகாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. அதே காலத்தில் லேப்டாப்பில் பிராட்காம் வைஃபை இருந்து, அதில் நீங்கள் லினக்ஸ் போட்டிருந்தால்? டிரைவர் கிடையாது. ரவுட்டர் கம்பெனி மொத்தமாக வாங்குகிறது, அதற்குக் கிடைக்கும். லேப்டாப்புக்கு முழுக்காசு கொடுத்த தனி மனிதன் எக்கேடும் கெட்டுப் போகலாம். தெரியாமல் இல்லை, முடியாமல் இல்லை. நம்மை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை.

அப்புறம் நடந்ததுதான் சுவாரஸ்யம். தன்னார்வலர்கள் இரண்டு கோஷ்டியாகப் பிரிந்தார்கள். ஒரு கோஷ்டி, கம்பெனியின் மூடிய டிரைவர் என்ன செய்கிறது என்று அணு அணுவாக ஆராய்ந்து, சிப் எப்படி வேலை செய்கிறது என்பதை விளக்கமாக எழுதி வைத்தது. இன்னொரு கோஷ்டி, மூடிய டிரைவரைக் கண்ணாலும் பார்க்காமல், அந்த விளக்கத்தை மட்டும் படித்துப் புதிதாக டிரைவர் எழுதியது. திருட்டு என்று யாரும் வழக்குப் போட முடியாதபடி இந்த ஏற்பாடு. 2006-ல் அது கெர்னலுக்குள் சேர்ந்தது. அப்படியும் ஒரு முட்டுக்கட்டை. சிப்புக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் என்கிற சின்ன நிரல் கம்பெனியின் சொத்து, பிறர் அதை விநியோகிக்க அனுமதி இல்லை. ஆகவே நீங்களே விண்டோஸ் டிரைவரை இறக்கி, அதிலிருந்து ஃபர்ம்வேரை 'வெட்டி எடுக்க' ஒரு தனிக் கருவி! காசு கொடுத்து வாங்கிய சொந்தப் பொருளுக்குள் இவ்வளவு பாடு. 2010 செப்டம்பரில் ஒருவழியாக பிராட்காமே தன் புதிய சிப்புகளுக்குத் திறந்த டிரைவர் வெளியிட்டது. வானம் இடிந்து விழவில்லை. கம்பெனி திவாலாகவில்லை.

இரண்டாவது பதில்: "தொழில் ரகசியம். தவிர, ரேடியோ அலைகளுக்குச் சட்டம் இருக்கிறது. எல்லாவற்றையும் திறந்துவிட்டால் கண்டவன் கண்ட அலைவரிசையில் ஒலிபரப்புவான்."

சரி. அந்தச் சட்டம் இன்டெலுக்கு இல்லையா? இன்டெல் தன் வைஃபை சிப்புகளுக்குப் பல வருடங்களாகத் தானே ஆள் வைத்து லினக்ஸ் டிரைவர் எழுதிக் கெர்னலில் சேர்க்கிறது. ஃபர்ம்வேரை மட்டும் மூடி வைத்துக்கொண்டு, அதை எல்லோரும் விநியோகிக்க அனுமதி கொடுத்துவிட்டது. ஏதரோஸ் என்கிற கம்பெனியும் ஆரம்பத்தில் இதே ரேடியோ சட்டத்தைக் காட்டி மூடி மூடித்தான் வைத்திருந்தது. 2008-ல் தன் புதிய சிப்புகளுக்கு முழுக்கத் திறந்த டிரைவரை வெளியிட்டது. எந்த அரசாங்கமும் பிடித்து உள்ளே போடவில்லை. மனது இருந்தவர்கள் சட்டத்துக்குள்ளேயே வழி கண்டுபிடித்தார்கள்.

வைஃபை மட்டுமா? கிராஃபிக்ஸ் கார்டும் இதே கதைதான். 2012-ல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில், லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸிடம் ஒரு பெண் எழுந்து என்விடியா சில்லு சரியாக வேலை செய்யாததைப் பற்றிக் கேட்டார். தாங்கள் கையாண்ட கம்பெனிகளிலேயே படுமோசம் இதுதான் என்று சொல்லிவிட்டு, மனிதர் கேமராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டினார். குடும்பப் பத்திரிகை என்பதால் அவர் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. அந்தக் கம்பெனி தன் கெர்னல் டிரைவரின் நிரலைத் திறந்து வைக்க 2022 மே மாதம் வரை ஆயிற்று.

இந்தச் சண்டை லினக்ஸைவிட மூத்தது. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் ஒரு பிரிண்டர். எல்லோரும் நெட்வொர்க் வழியாக அச்சுக்கு அனுப்புவார்கள். பேப்பர் சிக்கிக்கொண்டால் யாருக்கும் தெரியாது, எழுந்து போய்ப் பார்த்தால்தான் தெரியும். ரிச்சர்ட் ஸ்டால்மன் என்கிற இளைஞர், பேப்பர் சிக்கினால் காத்திருப்பவர்களின் திரைக்கே தகவல் வருகிற மாதிரி பழைய பிரிண்டரின் நிரலைத் திருத்தி வைத்திருந்தார். பிறகு ஜெராக்ஸ் கம்பெனி புதிய லேசர் பிரிண்டர் ஒன்றைக் கொடுத்தது. அதிலும் பேப்பர் சிக்கியது. அதே திருத்தத்தைச் செய்யலாம் என்றால் நிரலைக் காணோம். வேறொரு பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் அந்த நிரல் இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போய்க் கேட்டார். யாருக்கும் தரமாட்டேன் என்று கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று அவர் கையை விரித்துவிட்டார். அந்த ஆத்திரம் உள்ளே கிடந்து, 1983-ல் கனூ திட்டமாக வெளியே வந்தது. இன்றைக்கு லினக்ஸ் என்று நாம் சொல்வதில் பாதி அதுதான். ஒரு பேப்பர் சிக்கலுக்குக் காரணம் தெரிந்துகொள்ளும் உரிமையைக் கேட்டதில் ஆரம்பித்தது எல்லாம்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன்.

பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டை எடுங்கள். கோதுமை மாவா மைதாவா, என்ன எண்ணெய், எவ்வளவு சர்க்கரை, எந்த நிறமி, எல்லாம் அச்சில் இருக்கிறது. தயாரித்தவர் பெயர், விலாசம், மாதம், வருடம், விலை, புகாருக்கு போன் நம்பர். எல்லாம் சட்டப்படி போட்டாக வேண்டும். நாளைக்குப் பாமாயிலுக்குப் பதில் வேறு எண்ணெய் போட்டால் பாக்கெட்டில் மாற்றி அச்சடிக்க வேண்டும். 600 ரூபாய் வைஃபை கருவியில்? விலை இருக்கிறது, விலாசம் இருக்கிறது. உள்ளே இருக்கிற ஒரே முக்கியமான சாமான் எது என்பது மட்டும் இல்லை. அதை மாற்றினால் சொல்ல வேண்டும் என்பதும் இல்லை.

பி.காமில் எங்களுக்கு மெர்க்கன்டைல் லா என்று ஒரு பேப்பர். 1930-ம் வருடத்து சரக்கு விற்பனைச் சட்டம். அதில் 16-வது பிரிவை மனப்பாடம் பண்ணாமல் பாஸ் பண்ண முடியாது. வாங்குகிறவன்தான் உஷாராக இருக்க வேண்டும் என்பது பொது விதி. ஆனால், எனக்கு இது இன்ன காரியத்துக்கு வேண்டும் என்று வாங்குகிறவன் சொல்லி, விற்பவனின் அனுபவத்தை நம்பி, அவன் வழக்கமாக விற்கிற சரக்கை வாங்கினால், அது அந்தக் காரியத்துக்கு ஓரளவாவது உதவ வேண்டும் என்பது சொல்லாமலே ஏற்பட்ட நிபந்தனை. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டமே இவ்வளவு சொல்கிறது. 2019-ம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், பொருளின் தரம், அளவு, தூய்மை, விலை பற்றித் தெரிவிக்கப்படுவது நுகர்வோரின் உரிமை என்கிறது. சிப் எது என்பது தரத்தைப் பற்றிய தகவல் இல்லையென்றால் வேறு எது? நான் வக்கீல் இல்லை. படிக்கிற வக்கீல்கள் யாராவது இதை எடுத்துக்கொண்டு போனால் சந்தோஷப்படுவேன்.

கம்பெனிகளைத் திட்டிவிட்டு லினக்ஸ்காரர்களை விட்டுவிட்டால் அது ஓரவஞ்சனை.

அன்புள்ள லினக்ஸ் அபிமானிகளே, ஒருவர் வைஃபை வரவில்லை என்று உங்களிடம் வந்தால், முதலில் அவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேளுங்கள். அவர் எந்த லினக்ஸ் வைத்திருக்கிறாரோ அது சரியில்லை, நான் வைத்திருப்பதற்கு மாறு என்று ஆரம்பிக்காதீர்கள். மேனுவலைப் படி என்று மூஞ்சியில் அடிக்காதீர்கள். அர்த்தம் சொல்லாமல் பதினைந்து கட்டளைகளைத் தூக்கிப் போட்டு இதை அப்படியே அடி என்பதும் வேண்டாம். அதில் ஒன்று தப்பினால் இருந்ததும் போகும்.

கொள்கைப் பிடிவாதம் இன்னொன்று. டெபியன் என்கிற பிரபலமான லினக்ஸ், மூடிய ஃபர்ம்வேர் எதையும் தன் அதிகாரபூர்வமான இன்ஸ்டால் டிஸ்க்கில் சேர்க்கமாட்டேன் என்று வருடக்கணக்காக இருந்தது. இன்ஸ்டால் பண்ணும்போது, உன் வைஃபைக்கு இன்ன ஃபைல் வேண்டும், கொண்டுவா என்று கேட்கும். அந்த ஃபைல் இணையத்தில் இருக்கிறது. இணையத்துக்கு வைஃபை வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும். 2022 அக்டோபரில் அவர்களே ஓட்டெடுப்பு நடத்தி மனதை மாற்றிக்கொண்டு, 2023 ஜூனில் வந்த 12-வது பதிப்பிலிருந்து சேர்த்துக் கொடுக்கிறார்கள். நல்ல காரியம். பத்து வருடம் முன்னாலேயே செய்திருக்கலாம்.

எல்லாப் பழியையும் சிப்பின் மேல் போடவும் முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அதே சென்டரில், நல்ல நான்கில் ஒன்று பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் அறுந்துபோய்க்கொண்டிருந்தது. டைரியைப் பார்த்தால், யூ.எஸ்.பி. பிடுங்கப்பட்டது, செருகப்பட்டது என்று மாறி மாறி. யாரும் தொடவில்லை. பெட்டியின் முன்பக்கத் துளையில் செருகியிருந்தார்கள். பழைய பெட்டி, உள்ளே ஒயர் தொய்வு. பின்பக்கம் மாற்றிச் செருகியதும் சரி. இன்னொன்றில் வைஃபை இருக்கிறது, எந்தப் பக்கமும் திறக்கவில்லை. எண் முகவரிக்கு 'பிங்' அடித்தால் போகிறது, பெயருக்கு அடித்தால் போகவில்லை. பெயரை எண்ணாக மாற்றித் தருகிற டி.என்.எஸ். முகவரி தப்பு. இரண்டும் பத்து நிமிட வேலை. காரணம், எங்கே தப்பு என்று அந்த இயந்திரம் ஒளிக்காமல் சொன்னது. 'ஏதோ தவறு நடந்துவிட்டது' என்று சொல்லிவிட்டுச் சுற்றிச் சுற்றி வருகிற வட்டத்தைக் காட்டவில்லை. மூன்று நாள் எங்களை உட்கார வைத்தது எது என்று பாருங்கள். ரகசியமாக வைக்கப்பட்டிருந்த அந்த ஒன்றுதான்.

மொத்தமாக வாங்குகிறவன் சொன்னால் கம்பெனி கேட்கும் என்றேன் இல்லையா? நம் ஊரிலேயே அப்படிச் சொல்லக்கூடிய ஒருவர் இருக்கிறார். அரசாங்கம். 2007 வாக்கிலேயே எல்காட் தன் அலுவலகத்தில் சூசே லினக்ஸுக்கு மாறிக் காட்டியது. 2011-ல் ஆரம்பித்த விலையில்லா லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸையும் சேர்த்துக் கொடுத்தார்கள். பாஸ், நம் சென்னை சி-டாக்கில் உருவான லினக்ஸ். பக்கத்துக் கேரளத்தில் பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் பாடமே பல வருடமாக லினக்ஸில்தான் நடக்கிறது. லட்சக்கணக்கில் வாங்குகிற இடத்தில் டெண்டரில் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும்: உள்ளே இருக்கிற ஒவ்வொரு சிப்புக்கும் திறந்த டிரைவர் கெர்னலிலேயே இருக்க வேண்டும். எழுதிப் பாருங்கள். முடியாது, ரகசியம், சட்டம் என்றவர்களெல்லாம் மறுநாளே முடியும் என்று டெண்டர் போடுவார்கள். பிசினஸ் என்றால் அப்படித்தான், நானும் படித்திருக்கிறேன்.

நீங்களும் நானும் டெண்டர் விட முடியாது. ஆனால் கடையில் வாயைத் திறக்கலாம். உள்ளே என்ன சிப்? லினக்ஸில் ஓடுமா? ஓடாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா, பில்லில் எழுதித் தருவீர்களா? முதல் ஆளை வினோதமாகப் பார்ப்பார்கள். பத்தாவது ஆள் கேட்கும்போது கடைக்காரர் டீலரைக் கேட்பார். அந்த இரண்டு டப்பாவை எடுத்துக்கொண்டு நான் கடைக்குப் போனபோது, "சீல் பிரிச்சாச்சே சார்" என்றார் அவர். பிரிக்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படிங்க தெரியும் என்றேன். சிரித்தார். நல்ல மனிதர். டீ சொன்னார். மாற்றித் தரவில்லை.

அப்புறம், டப்பாவில் போட்டிருந்த வாடிக்கையாளர் சேவை முகவரிக்கு ஒரு மெயில் அனுப்பினேன். மாடல் நம்பர், வி2, வி3 எல்லாம் குறிப்பிட்டு, ஒரே ஒரு கேள்வி. இந்த இரண்டுக்குள்ளும் இருக்கிற சிப்புகளின் பெயர் என்ன? லினக்ஸில் உபயோகிக்கிறோம் என்றும் எழுதியிருந்தேன்.

நான்கு நாள் கழித்து ரொம்ப மரியாதையாகப் பதில் வந்தது. அன்புள்ள வாடிக்கையாளரே, தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம். தாங்கள் உபயோகிப்பது விண்டோஸ் 10-ஆ, 11-ஆ என்று தெரிவிக்கவும்.